இடப்பக்கம் பிடிக்க ஒரு ஆள்

அந்தப் பல் டாக்டர் என் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பார்த்தார்.

கடைவாய்ப் பல் ஒன்று உயிரை எடுத்துக்கொண்டிருந்த நேரம். எனக்குத் திண்டிவனத்தில் பத்திரப் பதிவு ஆபீசில் வேலை, விழுப்புரத்தில் வீடு, நடுவில் தினமும் ரயில். ஆபீஸ் விட்டு ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தபோது வலி காதுவரை ஏறியது. பல் படம் போட்ட போர்டு கண்ணில் பட்டதும் உள்ளே நுழைந்துவிட்டேன். நாற்காலியில் சாய்ந்து ஆவென்று வாயைத் திறந்து வைத்திருக்கிறேன், இந்த மனிதர் என் வலது கையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்கிறார். விரல் நுனியெல்லாம் ஊதா மை. பத்திரம் பதிய வருகிற பெரியவர்களின் கட்டைவிரலைப் பிடித்து ரேகை உருட்டியதில் ஒட்டிக்கொண்ட மை.

"இது சோப்பு போட்டா போவுமா?" என்றார்.

"ரெண்டு நாள்ல போயிடும் சார்" என்றேன். வாய் திறந்திருந்ததால் அது என்ன பாஷையில் அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

"அப்ப வியாழக்கிழமை வாங்க."

பல்லுக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற பல் டாக்டர்கள் வாயில் பஞ்சை வைத்துவிட்டு நம்மிடம் ஊர்க்கதை கேட்பார்கள். இவர் எதுவும் கேட்கமாட்டார். சொல்லிக்கொண்டே இருப்பார். காகிதத்தைப் பற்றி, மரக்கட்டையில் படம் செதுக்குவதைப் பற்றி, வெள்ளாட்டுத் தோலில் அட்டை போடுவதைப் பற்றி. வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடக்கிறவர்கள் எழுந்து போக முடியாது, குறுக்கே பேச முடியாது, கொட்டாவி விட்டாலும் அது கொட்டாவி என்று தெரியாது. அந்த மனிதருக்கு வாய்த்த கேட்பாளர்கள் அவ்வளவுதான். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்தபடி, "நல்ல டாக்டருதான், கொஞ்சம் பொஸ்தக பேஜாரு" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

அவருக்குப் புத்தகம் சேர்க்கிற பழக்கம். நாம் வாங்கிப் படித்துவிட்டு அலமாரியில் செருகுகிற புத்தகம் இல்லை. வெளிநாடுகளில் சின்னச் சின்ன அச்சகங்கள் இருக்கின்றனவாம். உலகத்துப் பழைய காவியங்களையும் நாவல்களையும் எடுத்து, ஈய எழுத்துகளைக் கையால் கோத்து, கையால் செய்த காகிதத்தில் அச்சடித்து, நல்ல ஓவியர் ஒருவரை வைத்துப் படம் போட்டு, சில நூறு பிரதிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். கடைசிப் பக்கத்தில் ஓவியர் பென்சிலால் கையெழுத்துப் போட்டு, இத்தனை பிரதிகளில் இது இத்தனையாவது என்று எண்ணும் எழுதியிருப்பார். அதற்கப்புறம் எழுத்தைக் கலைத்துவிடுவார்கள். திரும்ப அச்சிட மாட்டார்கள். அப்படிப்பட்ட புத்தகங்கள் திண்டிவனத்தில், ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில், மூன்று கண்ணாடி அலமாரி நிறைய இருந்தன என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நம்பவில்லை.

வியாழக்கிழமை போனேன். வேர்ச் சிகிச்சை முடிந்து பாதி முகம் மரத்துப்போய் எழுந்தபோது மறுபடியும் கையைப் பார்த்தார். மை போயிருந்தது.

"ரயிலுக்கு நேரம் இருக்கா மேடம்? மாடில ஒரு சின்ன ஒத்தாசை. ஒரு பொஸ்தகத்துக்கு இடப்பக்கம் பிடிக்கணும்."

நாற்பது தாண்டினாலும் பெண் பிள்ளைக்கு அடிக்க வேண்டிய மணி மண்டைக்குள் அடிக்கத்தான் செய்யும். மாடி, தனி ஆள், சாயங்காலம். நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த ரோசி அக்கா திரும்பினாள். அவள்தான் அங்கே நர்ஸ், கம்பவுண்டர், கேஷியர், பெருக்குகிறவள் எல்லாம். கிளியனூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள்.

"பயப்படாதம்மா, பொஸ்தகந்தான்" என்றாள். "நானும் வர்றேன். படில குந்திக்கினு இருக்கேன். நீ போய்ப் புடிச்சிட்டு ஜல்தியா வா."

மாடி அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஈரத்தை உறிஞ்சுகிற மிஷின் ஒன்று மூலையில் முனகிக்கொண்டிருந்தது. பச்சைக் கம்பளி விரித்த மேசை, அதன் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு நாற்காலிகள். வாசலிலேயே வாஷ்பேசின். வாசனை இல்லாத சோப்பு, வெள்ளைத் துண்டு. கழுவு என்றார், கழுவினேன். துடை என்றார், துடைத்தேன். காயட்டும் என்று நிற்க வைத்தார். தலையில் இருந்த மல்லிகையைக் கழற்றி ரோசி அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். நெற்றி விபூதியையும் துடைக்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கீழ பெட்டி பெட்டியா கிளவுஸ் வெச்சிருக்கீங்களே சார், அதுல ஒண்ணைக் குடுத்தா என்ன?"

"கிளவுஸ் போட்டா காகிதம் கைக்குத் தெரியாது. தெரியாத கைதான் கிழிக்கும். அது பல்லுக்குத்தான் சரி" என்றார்.

புத்தகம் முக்காலிப் பலகை அகலம் இருந்தது. பழைய கடல் பயணக் காவியம் ஒன்று. திறந்தால் அட்டை தழைந்து முதுகுத் தையல் விட்டுப்போகுமாம். தொடக்கத்தில் கனமெல்லாம் வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் வெறும் அட்டை மட்டும். அந்த அட்டையை இரண்டு கையாலும் சாய்வாக ஏந்திக்கொண்டு இடப்பக்கம் ஒருவர் உட்கார வேண்டும். வலப்பக்கம் உட்கார்ந்து அவர் புரட்டுவார். பக்கம் புரளப் புரளக் கனம் நம் கைக்கு வரும். பாதியில் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு வலப்பக்கத்தைத்தான் தாங்க வேண்டும்.

"பாதி தாண்டினா நாம சேர் மாத்திக்கணும்" என்றார். கொஞ்சம் கழித்து, "இதுவரைக்கும் யாரும் மாத்தினதில்ல" என்றும் சொன்னார்.

படங்களுக்கு மேலே மெல்லிய தாள் ஒன்று கிடக்கும். அதை அவர் நீக்குவதைப் பார்க்க வேண்டும். தூங்குகிற குழந்தையின் போர்வையை நீக்குகிற மாதிரி நீக்குவார். கறுப்பு வெள்ளையில் அலைகள், பாய்மரம், மீன் செதில். ஒவ்வொரு கோடும் மரக்கட்டையில் உளியால் வந்தது என்பார். எழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். "இறங்கியிருக்கு பாருங்க. நம்ம பத்திரத்துல எழுத்து மேல உக்காந்திருக்கும். இதுல உள்ள இறங்கியிருக்கும்." பிறகு கதையைத் தமிழில் சொல்வார். அவர் சொல்வது நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். என் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது, தோள்பட்டை வலித்தது.

ஆனாலும் அடுத்த வியாழன் போனேன். அதற்கடுத்த வியாழனும் போனேன். ஆபீசுக்கும் ரயிலுக்கும் நடுவே இருந்த பொழுதை எங்கேயாவது கழிக்கத்தானே வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் விழுப்புரத்தில் எனக்கும் யாரும் இல்லை. தம்பி வீட்டில் ஒரு அறை. எனக்குச் சோறு மூடி வைத்திருப்பார்கள், காத்திருக்கமாட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் என் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்பது கொஞ்ச நாளில் எனக்குத் தேவைப்பட ஆரம்பித்துவிட்டது.

புதுப் பார்சல் வந்தால் அவர் உடனே பிரிக்கமாட்டார். பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டு ஒரு வாரம், பத்து நாள் பக்கத்திலேயே போகமாட்டார். குளிர் தேசத்துக் காகிதம், திண்டிவனத்து வெக்கைக்குப் பழக வேண்டுமாம். "புது மருமவளுக்குக்கூட இவ்ளோ நாள் குடுக்கமாட்டாங்க" என்பாள் ரோசி அக்கா. பார்சல்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவது அவள்தான். மழைக்காலத்தில் புத்தக உறைப்பெட்டிகளுக்குள் வைக்கிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்து மாடிப் படியில் வைப்பதும் அவள்தான். படியோடு சரி. அறைக்குள் வரமாட்டாள்.

நான் ஒரு நாள் கேட்டேன். "ஏன்க்கா, நாள் பூரா கூடவே இருக்கீங்க. நீங்களே இடப்பக்கம் பிடிச்சிக்கலாமே. எதுக்குப் போறவங்க வர்றவங்க கையெல்லாம் பாத்துக்கினு இருக்காரு?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அப்போதுதான் கழுவினதுபோல நனைந்திருந்தது.

"சின்னதுலேர்ந்தே எனக்குக் கை வேர்த்து ஊத்தும்மா. வெயிலு, மழ, எதுவும் கணக்கில்ல. வேலைக்கு வந்த புதுசுல தூசி தட்டுறேன்னு ஒண்ணைத் தொட்டேன். துணி அட்டை. என் கை அப்டியே அச்சா வுழுந்துபோச்சு. 'ரோசி, நீ மட்டும் இதத் தொடாத'ன்னாரு. கத்தலம்மா. மெதுவாத்தான் சொன்னாரு. அதோட வுட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கையை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதைச் சொன்னது டாக்டருக்கு நினைவாவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அவருக்குக் கல்யாணமாகி, மனைவி சென்னைக்குப் போனவர் போனவர்தான் என்று ஒரு பேச்சு. கல்யாணமே ஆகவில்லை என்று இன்னொரு பேச்சு. நான் விசாரித்ததில்லை. அவரும் என்னைப் பற்றி எதுவும் விசாரித்ததில்லை. எங்களுக்குள் பேச்செல்லாம் அட்டை, தையல், காகிதம்தான்.

கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் பல் கட்ட வந்தார். சவூதியிலிருந்து லீவில் வந்தவர். நல்ல கனமான, நடுங்காத கைகள். டாக்டருக்குக் கண் விரிந்துவிட்டது. ஆனால் அத்தர். மணிக்கட்டு, விரல் எல்லாம் அத்தர் மணம். காகிதத்தில் ஏறினால் போகாது என்று அவரை மூன்று முறை கழுவ வைத்தார்.

"இன்னா டாக்டர், பல்லு கட்ட வந்தவனை தொழுகைக்குப் போற மாதிரி ஒளு பண்ண வெச்சிட்டீங்களே" என்று பாய் சிரித்தார்.

சிரித்தாலும் அவர் கெட்டிக்காரர். நல்லபடியாக ஏந்தினார். பாலைவனத்துப் பழங்கதை ஒன்றை எடுத்துக் காட்டினாராம் டாக்டர். ஒட்டகத்தின் முழங்காலைச் சரியாகச் செதுக்கியிருக்கிறான் என்று பாய் சொன்னதை அடுத்த வியாழன் என்னிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் உயர்ந்தது. பாய் இரண்டு தடவை வந்தார். அப்புறம் லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டார்.

"அந்தக் கதை பாதிகூட ஆகலியே. நீங்க மேல புரட்டலாமே சார்" என்றேன்.

"அது பாயோட பொஸ்தகம்" என்றார். "அவர் வரட்டும்."

அப்போதுதான் எனக்கு அந்த வழக்கம் புரிந்தது. ஒருவரோடு ஆரம்பித்த புத்தகத்தை அவரில்லாமல் தொடரமாட்டார். இன்னொருவரோடும் திறக்கமாட்டார். முதல் அலமாரியைக் காட்டி, இது காலேஜ் லெக்சரர் ஒருத்தரோடது, மாற்றலாகிப் போயிட்டார், இது மயிலத்திலிருந்து வந்த அம்மாவோடது, இது எல்ஐசி ஏஜென்ட்டோடது என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் பத்துப் பக்கம், இருபது பக்கம், ஐம்பது பக்கத்தோடு நின்றவை. பாதியைத் தாண்டியது ஒன்றும் இல்லை. விலைமதிப்பில்லாத அத்தனை புத்தகங்களும் யார் யாரோ திரும்பி வருவார்கள் என்று கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருந்தன. வாங்கின மனிதரும் அவற்றின் முடிவைப் பார்க்கவில்லை. வருத்தம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். இவ்வளவு வீம்பு எதற்கு என்று கேட்கத் தோன்றியது.

வேறு ஒன்றும் நடந்தது. மழை நாள் ஒன்றில் ரோசி அக்கா படிக்கு அடியில் இருந்த பலகை அலமாரியில் பொட்டலங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஒரு பெட்டி. மேலே படம் போட்டிருந்தது. சரிவாக வெட்டின இரண்டு பஞ்சுக் கட்டைகள், அவற்றின்மேல் ஒரு பெரிய புத்தகம் திறந்து சாய்ந்திருந்தது.

"இது இன்னா தெரியுமா?" என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "பொஸ்தகம் அனுப்புறவங்களே ஒரு தடவை இதையும் சேத்து அனுப்பிச்சாங்க. இத மேசைமேல வெச்சா ஆளே வேணாமாம். ரெண்டு பக்கமும் அதுவே தாங்கிக்குமாம். இன்னி வரைக்கும் பிரிக்கல."

"நீங்க எடுத்துக் குடுக்கலியா?"

"குடுத்தேனே. 'அத உள்ள வெய்யி ரோசி'ன்னாரு."

அக்கா அந்தப் பெட்டியின்மேல் பழைய நியூஸ்பேப்பரைப் போட்டு மூடினாள். நான் மாடிக்குப் போய் இடப்பக்கம் உட்கார்ந்து அட்டையை ஏந்திக்கொண்டேன். அதற்குப் பிறகு தோள் வலிக்கிறது என்று அவரிடம் சொன்னதில்லை.

எங்கள் கடல் புத்தகம் மெல்ல நகர்ந்தது. ஒரு வியாழனுக்கு நாலு பக்கம், ஐந்து பக்கம். கனம் என் பக்கம் வந்துகொண்டிருந்தது. "மேடம், தைக்கு முன்னாடி நாம சேர் மாத்திடுவோம்" என்றார் ஒரு நாள். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்கும் சந்தோஷம்தான். யாரும் போகாத தூரம் நான் போகப்போகிறேன் என்று ஒரு சின்ன கர்வம்.

அந்த ஆவணி வாக்கில்தான் அவர் கை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் கவனித்தவள் ரோசி அக்கா. ஊசி போடும்போது ஒரு ஆள் அலறினாராம். அப்புறம் ஒரு தடவை கருவி தட்டிலிருந்து விழுந்தது. டாக்டர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. புதுச்சேரி போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தார். மறுநாள் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, வருகிற நோயாளிகளை வேறு டாக்டருக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார். இனி நடுக்கம் கூடுமே தவிரக் குறையாது என்று சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை நான் போனபோது கை கழுவிக்கொண்டு அலமாரி முன்னால் நின்றிருந்தார்.

"இன்னிக்கு நீங்க வலப்பக்கம் உக்காந்து புரட்டுங்க. நான் இடப்பக்கம் பிடிச்சிக்கிறேன்" என்றார்.

உட்கார்ந்தோம். அவர் அட்டையை ஏந்தினார். மெல்லிய தாள் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அறையில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பக்கத்தைப் பிடிக்கக் கை நீட்டினேன், பக்கம் என் விரலுக்கு நிற்கவில்லை. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். நடுக்கம் அதிகமானது.

"மூடிடுங்க" என்றார்.

மூடினேன். அதை உறைப்பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தேன். நடுங்குகிற கை புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது அவர் ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம். எத்தனை பேரை அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். தனக்கென்று அதைத் தளர்த்திக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

"நான் ஒரு பக்கம் பிடிச்சிக்கிறேன், யாரையாவது புரட்டச் சொல்லலாம், நீங்க சும்மா பாருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். அதற்கப்புறமும் வியாழக்கிழமைகளில் போனேன். மூடின அலமாரிக்கு முன்னால் இரண்டு பேரும் டீ குடிப்போம். டம்ளரைப் பாதிதான் நிரப்புவாள் அக்கா, சிந்தாமல் இருக்க. அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கேட்க வேண்டியவர்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது அவ்வளவு பேசிய மனிதர். ஈர மிஷினைக்கூட சில நாள் போடவில்லை. அறையில் பூஞ்சை வாடை லேசாக எட்டிப் பார்த்தது. நான் கிளம்பும்போது மட்டும், "அடுத்த வாரம் வருவீங்கல்ல?" என்பார். புத்தகமே இல்லாமல் எதற்கு வரச்சொல்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. லீவுக்கு முதல் நாளே எங்கள் ஆபீசில் பூஜை போட்டு, கம்ப்யூட்டர், ரேகை மிஷின், ஸ்டாம்ப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டோம். அன்று சாயங்காலம் பொரி பொட்டலத்தோடு டாக்டரிடம் போனேன்; ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில்தான் அவர் வீடு. அங்கேயும் வருஷா வருஷம் பூஜை உண்டு. டாக்டருக்கு அதில் நாட்டம் கிடையாது. போடுகிறவள் ரோசி அக்கா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவளாயிற்றே என்று நான் ஒரு தடவை கிண்டல் செய்ததற்கு, "நான் சர்ச்சுக்குப் போறது அந்த மிஷினுக்குத் தெரியுமா? பக்கத்துக் கடை மிஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சா, இது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டவள்.

கீழே கிளினிக் மூடிக் கிடந்தாலும் நாற்காலிக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தாள். குடைகிற மிஷினுக்குக் குங்குமம். ஆனால் அவளைக் காணோம். ஊதுவத்தி வாசனை மாடியிலிருந்து வந்தது. படியேறிப் போனேன்.

மூன்று அலமாரியும் திறந்து கிடந்தன. பச்சைக் கம்பளி மேசையில் புத்தகங்கள் வரிசை வரிசையாகப் படுத்திருந்தன. உறைப்பெட்டியிலிருந்து எடுத்து, முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். ஒவ்வொன்றின்மேலும் சந்தனம், அதன் நடுவே குங்குமம். வெளுத்த தோல் அட்டையில், பட்டுத் துணி அட்டையில், கையால் வரைந்த தாள் அட்டையில், ஒன்று விடாமல். முன்னால் வாழையிலையில் பொரி கடலை, வாழைப்பழம். கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு ரோசி அக்கா சந்தோஷமாக நின்றிருந்தாள்.

"அக்கா, இன்னாக்கா இது" என்றேன்.

"எத்தினி நாளா தொடாம கெடக்குது. அதுங்களுக்கு இருக்காதா? அதான் அவர் கையி இப்டி ஆயிடுச்சோ இன்னாவோ. இன்னிக்கு ஒரு நாள் எடுத்து வெச்சிக் கும்பிட்டுட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றாள்.

டாக்டர் குளித்துவிட்டு வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. மெல்ல மேசைக்கு வந்தார். கடல் புத்தகத்தின் வெளுத்த தோல் அட்டையில் சந்தனத்தின் தண்ணீர் இறங்கி வட்டமாக ஈரம் பரவியிருந்தது. அந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே ஈரக் கை பதிந்த விரல் அச்சு. நாலு விரலும் தெளிவாகத் தெரிந்தன.

"யார் எடுத்தது?" என்றார்.

"நான்தான்."

"எந்தக் கையால?"

"எனக்கு இருக்கிறது இந்த ரெண்டு கைதான் டாக்டர்" என்றாள் அக்கா.

அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பொருள் அது. இனி அவற்றை யாரும் விலைக்குக் கேட்கமாட்டார்கள், நூலகம்கூட யோசிக்கும் என்று எனக்கே தெரிந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள பக்கத்துல பொட்டு வெக்கலியே?"

"உள்ள எப்டி வெப்பேன்?" என்றாள் அக்கா. குரல் திடீரென்று உடைந்துவிட்டது. "உள்ள இன்னா கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? இத்தினி வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எனக்குத் தொறந்து காட்டினீங்களா? தெருவுல போறவங்களுக்கெல்லாம் காட்டினீங்க. நான் படில குந்திக்கினு இருந்தேன்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ கேக்கவே இல்லியே ரோசி."

"நீங்க கூப்பிடவே இல்லியே டாக்டர்."

கற்பூரம் அணைந்துவிட்டது. கீழே தெருவில் யாரோ பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் வலப்பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மற்ற புத்தகங்களைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி என்னிடம் சைகை காட்டினார். தள்ளினேன். கடல் புத்தகத்தைத் தன் முன்னால் நகர்த்திக்கொண்டார். தன் நடுங்குகிற கைகளாலேயே நகர்த்திக்கொண்டார்.

"உக்காரு" என்றார்.

"வேணாம் டாக்டர். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. கையி வேற ஊத்துது."

"என் கை ஆடுது, உன் கை வேர்க்குது. இருக்கிற கை இதான். உக்காரு ரோசி."

அவள் என்னைப் பார்த்தாள். இடப்பக்கத்து நாற்காலி, நான் உட்கார்ந்து ஏந்துகிற நாற்காலி. நகர்ந்து வழிவிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, அது துடைத்துத் தீராது என்று தெரிந்தவளாக அப்படியே அட்டையை ஏந்தினாள். அவர் திறந்தார். நாங்கள் படித்து நிறுத்தியிருந்த இடத்தைத் தேடவில்லை. முதல் பக்கத்தைத் திறந்தார். பாதியை எட்டிக்கொண்டிருந்த எங்கள் புத்தகம், என்னுடைய புத்தகம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தாள் படபடத்தது, காகிதத்தின் ஓரத்தில் ஈரம் பட்டது, அவர் நிறுத்தவில்லை. "இது துறைமுகம். இந்த ஆளுதான் மாலுமி" என்று ஆரம்பித்தார். நான் பொரி பொட்டலத்தை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். நல்லது நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த மனிதருக்கு நான் வேறு எதையும் வேண்டியதில்லை. ஆனாலும் ஸ்டேஷன்வரைக்கும் அழுதுகொண்டே போனேன். பொறாமை என்பது வயதான பிறகும் இப்படி வந்து நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

லீவு எல்லாம் முடிந்து, அடுத்த வியாழக்கிழமை பழக்கதோஷத்தில் அங்கே போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போய்ப் படியில் கால் வைத்தேன். படி காலியாக இருந்தது. மேலிருந்து ரோசி அக்காவின் குரல் கேட்டது. கடலில் புயல் அடிக்கிற படத்துக்கு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

"ஐயையோ! அப்பறம் இன்னா ஆச்சு டாக்டர்? அவன் பொழச்சானா?"

டாக்டர் சிரித்தார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். அவ்வளவு வியாழக்கிழமைகளில் அந்த அட்டையைத் தோள் நோக ஏந்தியிருக்கிறேன், கை கழுவியிருக்கிறேன், பூவைக் கழற்றியிருக்கிறேன். அப்புறம் என்ன ஆனது என்று ஒரு நாளும் நான் அவரைக் கேட்டதில்லை.

சத்தம் போடாமல் திரும்பி இறங்கினேன்.